ஆசிரியர் தன்னைத் தானே மதிப்பிடுவது எப்படி? மதுரைப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டங்களிலும் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடுவது) பயிற்சி இடைவேளையில் டீ குடிக்கும்போதும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மதுரை மாவட்டத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள்தான் அதிகம் கேட்பவர்கள். பி.எட். கல்லூரி விரிவுரையாளர்களும் தனியார் பள்ளிக்காரர்களும் கேட்டவை சில உண்டு. நான் ஆசிரியர் பயிற்றுநர். அதனால் விதி எது, என் அபிப்பிராயம் எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

சுயமதிப்பீடு என்றால் படிவத்தில் டிக் அடிப்பதுதானே? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமே?

படிவம் அதில் ஒரு பகுதி. மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2013-ல் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கென்று ‘பிண்டிக்ஸ்’ என்ற கருவியை வெளியிட்டது. அதில் ஏழு தலைப்புகள்: கற்றல் அனுபவத்தைத் திட்டமிடுவது, பாட அறிவு, கற்பிக்கும் உத்தி, மாணவரோடும் பெற்றோரோடும் சக ஆசிரியரோடும் உள்ள உறவு, தன் பணித்திறனை வளர்த்துக்கொள்வது, பள்ளி வளர்ச்சியில் பங்கு, வருகை. ஒவ்வொன்றின் கீழும் உள்ள குறியீடுகளுக்கு நீங்களே 1 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்றால் 1, நெருங்கியிருந்தால் 2, எட்டிவிட்டால் 3, தாண்டிவிட்டால் 4.

கருவியில் பெரிய குறையில்லை. ஆனால் நிரப்பும்போது என்ன நடக்கிறது? எல்லோரும் 3 போடுகிறோம். 4 போட்டால் “எங்க, காட்டுங்க பார்ப்போம்” என்பார்கள். 2 போட்டால் அடுத்த பயிற்சிக்கு நம் பெயர்தான் முதலில் போகும். 3 வம்பில்லாத எண். மேலே போகும் படிவத்தில் யாரும் உள்ளதை எழுத மாட்டார்கள், அது மனித இயல்பு. ஆகவே மேலே போகும் படிவம் ஒன்று, உங்களுக்காக எழுதும் குறிப்பு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவதைப் பற்றியது.

நமக்கு நாமே மதிப்பெண் போட்டால் அது நம்பும்படி இருக்குமா?

மதிப்பெண் மட்டும் போட்டால் இருக்காது. 1999-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் முதலியவற்றில் சோதனை வைத்தார்கள். பிறகு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் உண்மையான நிலை, நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், கீழிருந்து 12-ஆவது இடம். அவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்டதோ 62. அதே சோதனையில் மிக நன்றாகச் செய்தவர்கள் தங்கள் இடத்தைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள்.

அது மாணவர்களிடம் நடந்த ஆய்வுதான். என்றாலும், ‘நான் நன்றாக நடத்துகிறேனா?’ என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் கிடைக்கும் பதிலை ஏன் நம்ப முடியாது என்பதற்கு அது போதும். கையில் ஒரு சான்று இருக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு குரல் பதிவு, பக்கத்து வகுப்பு ஆசிரியர் குறித்துக் கொடுத்த ஒரு தாள், எதுவாகவும் இருக்கலாம். சான்று இல்லாத சுயமதிப்பீடு நம் அன்றைய மனநிலையைத்தான் காட்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

மாணவர் நோட்டிலிருந்து. செலவில்லை, யார் அனுமதியும் வேண்டாம், தினமும் மேஜைக்கு வருகிறது.

நான்காம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தியிருக்கிறீர்கள். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். சரியான விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருக்கிறது, இன்னொன்று 234 என்று. இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, ‘மீண்டும் செய்க’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுகிறோம். வேலை முடிந்தது.

இந்த இரண்டு தப்பும் ஒன்றல்ல. 376 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8-இல் 2 போக 6, 7-இல் 0 போக 7, 4-இல் 1 போக 3. மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதே அதற்குப் பிடிபடவில்லை. 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. பத்தாம் இடத்தில் பூஜ்யம் இருந்ததால் நூறாம் இடம் வரை போய்ச் சரியாகவே வாங்கியிருக்கிறது. பூஜ்யம் 10 ஆனதும் அதிலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்த பிறகு 9 ஆகக் குறைக்க மறந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் பிள்ளைக்குக் குச்சிக்கட்டைக் கையில் கொடுத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதில் சுயமதிப்பீடு எங்கே இருக்கிறது? அடுத்த படியில். வகுப்பில் 376 எழுதியவர்கள் எத்தனை பேர், 234 எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர் இருவர் என்றால் அது பிள்ளையின் சிக்கல். பாதி வகுப்பு 234 எழுதியிருந்தால், நாம் கரும்பலகையில் போட்ட உதாரணங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 452, 563, 781 என்று நடுவில் பூஜ்யமே வராத கணக்குகளாகப் போட்டிருப்போம். தப்பு பிள்ளைகளிடம் தெரிகிறது, காரணம் நம் பாடக்குறிப்பில் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு பாடம், ஒரே ஒரு கேள்வி, ஐந்தாறு நோட்டு போதும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டையே எடுக்காதீர்கள். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பு என்றால், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலையிலிருந்தும் எடுங்கள்.

நோட்டில் தெரியாதது என்ன?

நம் வாய். எவ்வளவு பேசுகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பது நோட்டில் ஏறாது. அதற்குச் செல்போனில் குரல் பதிவு போடுங்கள். டஸ்டருக்குப் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் இரையும், பரவாயில்லை. முழுப் பாடவேளையும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். கேட்கும்போது தனியாக இருங்கள். முதல் தடவை நம் குரலே நமக்குப் பிடிக்காது, அதைத் தாண்டிப் போங்கள்.

என்ன காதில் விழும்? பெரும்பாலும் இப்படி:

“இலை உணவு தயாரிக்கிற முறைக்குப் பேர் என்ன?” அரை நொடி. “ஒளிச்…” வகுப்பு முழுக்க, “சேர்க்கை!” “ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன வேணும்? சூரிய…” “ஒளி!” “அப்புறம் தண்…” “ணீர்!” “புரிஞ்சிருச்சா?” “புரிஞ்சிருச்சு டீச்சர்!”

வகுப்பு கலகலப்பாக இருந்தது என்று நாம் வெளியே வருவோம். பதிவைக் கேட்டால் பிள்ளைகள் சொன்னது பாதிப் பாதிச் சொற்கள் என்று தெரியும். ஒரு பிள்ளைகூட முழு வாக்கியம் பேசியிருக்காது. ‘புரிஞ்சிருச்சா’ என்பது கேள்வியே அல்ல, அடுத்த பத்திக்குப் போகிறோம் என்ற அறிவிப்பு.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புப் பதிவுகளை எடுத்து இதைத்தான் அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீளமாயின, தாங்களாக வாய் திறக்கும் மாணவர்கள் கூடினார்கள், ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன. மூன்று நொடி சின்ன விஷயம் போலத் தோன்றும். வகுப்பில் நின்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், அவ்வளவு சுலபமில்லை. நாற்பது கண்கள் நம்மையே பார்க்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

பதிவைக் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் நீங்கள் பேசிய நேரம், மற்றதில் பிள்ளைகள் பேசிய நேரம், ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஒரு கோடு. பி.எட்.டில் வகுப்பில் நடக்கும் பேச்சை வகை பிரித்துக் குறிக்கும் பிளாண்டர்ஸ் முறை படித்திருப்பீர்கள், பத்து வகை, மூன்று நொடிக்கு ஒரு குறி. தேர்வுக்குப் படித்துவிட்டு விட்டது. நம் தேவைக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், இரண்டு பத்தியே போதுமான அதிர்ச்சியைக் கொடுக்கும்.

வீடியோ எடுக்கலாமா?

எடுக்கலாம், உங்களுக்காக மட்டும் என்றால். பார்த்ததும் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் காட்சியை ஸ்டேட்டஸில் வைப்பதும் குழுவில் போடுவதும் வேண்டாம். லைக் வாங்க எடுக்கும் வீடியோவில் நாம் நடிப்போம், பிள்ளைகளும் நடிப்பார்கள். அது மதிப்பீட்டுக்கு உதவாது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?

சேடபட்டி, கொட்டாம்பட்டிப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர் என்று நினைத்து எழுதப்பட்ட மதிப்பீட்டுக் கருவிகள் உங்களுக்குச் சரியாகப் பொருந்தாது. அது உண்மைதான்.

உங்களுக்கு ஒரே ஒரு அளவுகோலைச் சொல்வேன்: நீங்கள் ஐந்தாம் வகுப்போடு பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்கிறது? பாடவேளையில் இரண்டு முறை தலையைத் திருப்பிப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். ‘பார்த்து எழுதுகிறார்கள்’, ‘சும்மா இருக்கிறார்கள்’, ‘ஜோடியாக வாசிக்கிறார்கள்’ என்று அந்த அளவுக்குப் போதும். இப்படிப் பத்து வரி சேர்ந்தாலே தெரிந்துவிடும். பல பள்ளிகளில் காத்திருக்கும் வகுப்புக்குக் கொடுக்கப்படும் வேலை ‘கையெழுத்துப் பயிற்சி’தான். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க அது உதவும், கற்பிக்க உதவாது. அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதே உங்கள் பணித்திறன் மேம்பாடு. செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் பீரோவில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். தானாகப் படிப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை.

நேரம் ஏது சார்? எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்), ஆப், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை…

நியாயமான புலம்பல். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நடைமுறை உங்களுக்குத் தெரியும். இதோடு சுயமதிப்பீடு என்று இன்னொரு பதிவேட்டைச் சேர்ப்பதற்கு நான் எதிரி. அதனால்தான் வாரத்துக்கு ஒரு கேள்வி, ஐந்து நோட்டு என்கிறேன். நோட்டை எப்படியும் திருத்தத்தான் போகிறீர்கள். திருத்தும்போதே பாடக்குறிப்பின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். தனி நோட்டு, அட்டை, லேபிள், மேலுறை எதுவும் வேண்டாம்.

அதற்கும் நேரமில்லாத வாரம் வரும். சித்திரைத் திருவிழாவும் ஆண்டுத் தேர்வும் ஒட்டி வரும் நாட்களில் யாராலும் முடியாது. விட்டுவிடுங்கள்.

பக்கத்து ஆசிரியரைக் கூப்பிட்டு வகுப்பைப் பார்க்கச் சொல்லலாமா? மனஸ்தாபம் வந்துவிடாதா?

வரும், கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால். “என் வகுப்பைப் பார்த்துக் குறை சொல்லுங்க” என்று கூப்பிட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்.” அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. வாங்கினால் ஒரு வாரத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது.

ஒரு வேலையைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். “கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்னு மட்டும் எழுதிக் கொடுங்க.” இவ்வளவுதான். அவர் அபிப்பிராயம் சொல்லத் தேவையில்லை, பட்டியலைக் கொடுத்தால் போதும். அதைப் பார்த்தாலே முன் வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேர் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, ஜன்னலோரப் பிள்ளைகள் பெயர் வரவே இல்லை என்பது தெரிந்துவிடும். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் என்றும் பிரித்துப் பாருங்கள்.

ஜப்பானில் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பது மாணவர்களை. பிறகு உட்கார்ந்து பேசுவது பாடத்தைப் பற்றி. நடத்தியவர் பெயர் பேச்சில் பெரிதாக அடிபடாது, ஏனென்றால் பாடம் எல்லோருடையது. நம் குறுவள மையக் கூட்டம் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பதுண்டு. வருகைப் பதிவு, பி.பி.டி., குழுப் போட்டோ என்றே பாதி நேரம் போய்விடுகிறது.

பிள்ளைகளிடமே கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் “நான் நல்லா நடத்துறேனா?” என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: இன்றைய பாடத்தில் உனக்குத் தெளிவாகத் தெரிந்தது எது? எந்த இடத்தில் விட்டுப்போனது? இரண்டாவது கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேர் ஒரே இடத்தைச் சொன்னால், நாளைப் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். சிறு பிள்ளைகள் என்றால் பாடத்தைப் படமாக வரையச் சொல்லலாம். ஒரே எச்சரிக்கை: கையெழுத்தைப் பார்த்து யாரென்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு அந்தத் தாளில் உண்மை வராது.

மேல்நிலை வகுப்புக்கு எதற்கு இதெல்லாம்? தேர்ச்சி விழுக்காடுதான் இருக்கிறதே?

தேர்ச்சி விழுக்காடு மே மாதம்தான் வருகிறது, பிள்ளைகள் போன பிறகு. அதை வைத்து அந்த வகுப்புக்கு எதையும் மாற்ற முடியாது. அப்புறம், போன வருடம் வந்த பிள்ளைகள் வேறு, இந்த வருடம் வந்தவர்கள் வேறு. 88 விழுக்காடு 93 ஆனால் நாம் முன்னேறிவிட்டோம் என்றோ, குறைந்தால் பின்தங்கிவிட்டோம் என்றோ சொல்லிவிட முடியாது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆசிரியரை நிற்க வைத்துக் கேட்கும் ஆய்வுக் கூட்டங்களால் நடந்த ஒரே மாற்றம், மெல்லக் கற்கும் மாணவர்கள் காலையும் மாலையும் ஒரே இரண்டு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்வதுதான். இது என் அபிப்பிராயம், கோபத்தோடு சொல்கிறேன்.

உங்களுக்குப் பயன்படும் எண் காலாண்டுத் தேர்வுத் தாளில் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை விடுங்கள். எந்த வினாவை எத்தனை பேர் தொடவே இல்லை என்று எண்ணுங்கள். தப்பாக எழுதியதை விட, எழுதாமல் விட்டது அதிகம் சொல்லும்.

ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயமா?

அது மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் இருக்கும் எண். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை வெளியானது. எந்த ஆண்டு, யாருக்கு, எத்தனை நாள் என்பது நமக்கு இயக்குநரகச் சுற்றறிக்கையில்தான் வரும்.

மணிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இணையவழிப் பயிற்சியில் வீடியோவை ஓட விட்டுவிட்டு அடுப்படியில் சாம்பார் தாளிப்பதும் கடைசியில் ஐந்து கேள்விக்குக் குழுவில் வந்த விடையைப் போட்டுச் சான்றிதழ் வாங்குவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. குறை சொல்லவில்லை, அந்த வீடியோக்களில் பல அந்த மரியாதைக்குத்தான் தகுதி. ஆனால் உங்கள் குறிப்பில் ‘பின்னம் நடத்தும்போது பாதி வகுப்பு தடுமாறுகிறது’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தால், பின்னம் பற்றிய ஒரு பயிற்சியை மட்டும் நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள். இன்ன பயிற்சி வேண்டும் என்று பயிற்றுநரிடம் கேட்கவும் முடியும்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பணியில் உள்ளவர்களும் டெட் எழுத வேண்டிய நிலை வந்ததால் இந்தக் குழப்பம். உங்கள் பணிக்காலத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைச் சங்கத்திலும் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். அது தகுதித் தேர்வு, 150 கேள்வி. அதில் 30 கேள்வி குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். இருபது வருடம் வகுப்பில் நின்றவர்களுக்கு அந்த 30 பழகிய ஊர். தேர்வில் தேறுவது, வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாது. தேறாததும் சொல்லாது.

எங்களை மதிப்பிடச் சொல்கிறீர்கள். ஆசிரியர் பயிற்றுநர்களை யார் மதிப்பிடுவது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

பயிற்சி முடிவில் பின்னூட்டப் படிவம் கொடுக்கிறோம். ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடுகிறீர்கள். திருமங்கலம் பக்கம் போகிறவர்களுக்கு நாலே கால் பஸ், மேலூர் பக்கம் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியில் நெரிசல். அந்தப் படிவத்தை வைத்து எங்கள் பயிற்சியை நாங்கள் மெச்சிக்கொள்ள முடியாது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-லேயே பயிற்சியை நான்கு படியில் மதிப்பிடச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. நம் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது படியைப் பார்க்க ஒரே வழி, பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்காருவது. போகிறோம், ஆனால் எதற்குப் போகிறோம்? வருகைப் பதிவேடு, காலை உணவு, கழிப்பறை, ஆப்பில் பதிவு என்று பட்டியல் நீளும்போது, ‘போன மாதம் சொன்ன வாசிப்புப் பயிற்சியைச் செய்கிறீர்களா, ஏன் செய்யவில்லை?’ என்று கேட்க நேரமிருப்பதில்லை. பார்வையாளர் பதிவேட்டில் ‘கற்றல் கற்பித்தல் நிறைவாக உள்ளது’ என்று எழுதிவிட்டுக் கிளம்புகிறோம். அந்த ஒரு வரியால் எந்தப் பள்ளிக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

இன்னொன்று, மாநிலப் பயிற்சி மாவட்டத்துக்கு வந்து, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு வந்து, வட்டாரத்திலிருந்து பள்ளிக்கு வரும்போது, செய்து பார்க்க வேண்டிய செயல்பாடெல்லாம் கழன்று விழுந்து ஸ்லைடு மட்டும் மிஞ்சும். எனவே பயிற்றுநர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் மற்றவர்களுக்குச் சொல்லும் இந்தச் செயல்பாட்டை, கடைசியாக எப்போது உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று செய்தேன்? வட்டார வள மையத்துக்குப் பக்கத்துப் பள்ளியில், பயிற்சிக்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கி நடத்திப் பார்ப்பது பெரிய வேலை அல்ல. அது சொதப்பினால் பயிற்சியில் சொல்ல உண்மையான விஷயம் கிடைக்கும். டி.கல்லுப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ மற்ற இடங்களிலோ பயிற்சிக்கு வரும்போது, “இதை நீங்க எந்தப் பள்ளியில செஞ்சு பார்த்தீங்க?” என்று எழுந்து கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். கேட்க ஆரம்பித்தால் நாங்களும் செய்து பார்த்துவிட்டு வருவோம்.

பி.எட். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் (ஒரே ஒரு திறனைச் சில நிமிடம் நடத்திப் பழகுவது) நடத்துகிறோம். அது சுயமதிப்பீட்டுக்குப் பழக்குமா?

பழக்க வேண்டும், பெரும்பாலும் பழக்குவதில்லை. இந்தியாவில் பின்பற்றும் சுழற்சி 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 பின்னூட்டம், 12 மறுதிட்டம், 6 மறுகற்பித்தல், 6 மறுபின்னூட்டம். இதில் முக்கியமானது நடுவில் இருக்கும் அந்த 12 நிமிடம். அதைத்தான் நாம் தின்றுவிடுகிறோம். நாற்பது பேருக்கு நேரம் போதாது என்று ஒரு தடவை கற்பித்ததும் ரெக்கார்டில் மறுகற்பித்தலையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுகிறோம். செய்யாததைச் செய்ததாக எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பத்துத் திறனை ரெக்கார்டில் முடிப்பதை விட இரண்டு திறனை முழுச் சுழற்சியாகச் செய்ய வைப்பது மேல்.

விரிவுரையாளர்களுக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) தன்னறிக்கை, உள்தரக் கோப்பு என்று ஏற்கெனவே சுமை இருக்கிறது. அவை கல்லூரியை மதிப்பிடுபவை. உங்களை நீங்கள் பார்க்க வேண்டுமென்றால், வினா கேட்கும் திறன் பற்றி நீங்கள் எடுக்கும் விரிவுரையைப் பதிவு செய்து, அதில் நீங்கள் எத்தனை வினா கேட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியர் நான். ‘அப்ரைசல்’ படிவத்தில் என் பலவீனத்தை எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

சம்பள உயர்வோடு கோத்த படிவத்தில் உண்மையான பலவீனத்தை எழுத வேண்டாம். ஏற்கெனவே சரிசெய்யத் தொடங்கிவிட்ட ஒன்றை, என்ன செய்தீர்கள் என்பதோடு எழுதுங்கள். பொய்யும் ஆகாது, உங்களுக்கு எதிராகவும் திரும்பாது.

நான் எழுதி வைத்த குறிப்பைத் தலைமையாசிரியர் கேட்டால்?

கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பாடக்குறிப்பும் மதிப்பீட்டுப் பதிவேடும்தான் அலுவல் ஆவணம். பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதினால் அவர் கண்ணில் படும், ஆகவே அங்கே பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: ‘பூஜ்யம் வரும் கணக்கு, நாளை மறுபடி’. உங்களைப் பற்றி எழுத நினைப்பதை வீட்டு டைரியில் எழுதிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று. ஆசிரியர்கள் எழுதிய குறிப்பை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு “நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்களே டீச்சர்” என்று கேட்டுவிட்டால், அந்தப் பள்ளியில் அதன் பிறகு எல்லோரும் 3-தான்.

ஓய்வு பெற நாலு வருஷம்தான் இருக்கிறது. எனக்கு இது தேவையா?

உங்களிடம் குரல் பதிவு கேட்கவில்லை. புதிதாக வந்த இடைநிலை ஆசிரியரைப் பத்து நாள் உங்கள் வகுப்பில் உட்கார வையுங்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதே, அதை அவர் கேட்கக் கேட்க நீங்கள் சொல்லத் தொடங்குவீர்கள். எழுதிக்கொள்ளும் வேலை அவருடையது.

நாலைந்து பேராகச் சேர்ந்து செய்ய நினைக்கிறோம். எங்கே கூடுவது?

பள்ளியில் கூடினால் சீக்கிரமே ‘கூட்டம்’ ஆகி, நிகழ்ச்சிக் குறிப்பும் தீர்மானமும் வந்துவிடும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கல்வியியல் நூல்களைப் பக்கத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் என்றால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு பிள்ளையின் நோட்டு கொண்டு வாருங்கள், பிள்ளை பெயர் தெரியாமல் அட்டையை மடித்துக்கொண்டு. மாதம் ஒரு முறை போதும். வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள், இரண்டே நாளில் அதில் காலை வணக்கம் மட்டும்தான் வரும்.